அயல் மண்ணில் ஒரு காஜி

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கோ கான்பூருக்கோ முதன்முதலாக உத்தியோகத்தின் பொருட்டு வந்து சேர்ந்த ஒருவரை ஒரு திங்கள் கழித்துச் சந்தித்து, "ஊர் எப்படி?" என்று வினவுங்கள். அவர் அலுவலகத்தைப் பற்றிப் பேசமாட்டார். சம்பளத்தைப் பற்றியும் பேசமாட்டார். சோற்றைப் பற்றியே பேசுவார். ரொட்டி தொண்டைக்குள் இறங்கவில்லை என்பார். இவ்வாறு அங்கலாய்ப்பது நம்மவர்க்கே உரிய குணம் என்று நினைத்துவிடலாகாது. ஏறத்தாழ 670 ஆண்டுகளுக்கு முன், மொராக்கோ நாட்டில் அமர்ந்து தம் அனுபவங்களைச் சொல்லி எழுதுவித்த ஒருவர், இதே முறையீட்டைத் தலைகீழாக வைத்திருக்கிறார். மலையாளக் கரையிலும், மாலத்தீவிலும், இலங்கையிலும், நம் சோழமண்டலக் கரையிலுமாக மூன்று ஆண்டுகள் தமக்குச் சோற்றைத் தவிர வேறு கிடைக்கவில்லை என்றும், முடிவில் தண்ணீரின் துணையின்றி அது தொண்டையில் இறங்க மறுத்துவிட்டது என்றும் அவர் வருந்துகிறார்.

அவர்தாம் இபின் பதூதா. உலகம் சுற்றியவர் என்று பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். ஆனால் அவர் வெறும் யாத்திரிகராக இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். வேலை தேடி வந்தவர். தில்லியில் சம்பளம் வாங்கினார், கடன் பட்டார், குழந்தையைப் பறிகொடுத்தார், மேலிடத்துக்கு அஞ்சி நடுங்கினார். அந்த உத்தியோகஸ்தரைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன்.

அவர் 1304-ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள தாஞ்சியர் நகரில், நீதிபதிகளாக விளங்கிய ஒரு குடும்பத்தில் பிறந்தார். 1325-இல், இருபத்தொரு வயதில், பெற்றோரைப் பிரிந்து மக்கா யாத்திரைக்குத் தனியே புறப்பட்டார். யாத்திரை முடிந்தது, கால் நிற்கவில்லை. எகிப்து, சிரியா, பாரசீகம், ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை, துருக்கியர் நாடு என்று திரிந்து, 1333 செப்டம்பரில் சிந்து நதிக்கரையை வந்தடைந்ததாகக் கூறுகிறார். அவர் தரும் தேதிகளில் சில ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்று வரலாற்றாசிரியர்கள் ஐயுறுவதுண்டு. இருபது ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து சொன்னவருக்கு அவ்வளவு சலுகை நாம் தரலாம்.

அக்காலத்தில் தில்லியில் அரசு வீற்றிருந்தவர் முகம்மது பின் துக்ளக். உள்நாட்டாரைவிட வெளிநாட்டாரிடமே அவருக்கு நம்பிக்கை மிகுதி. அயலாரை அழைத்துப் பதவி தருவார். அவர்களை 'அஜீஸ்', அதாவது மதிப்புக்குரியவர், என்றே அழைக்கவேண்டும் என்று ஆணையும் இட்டிருந்தார். இச்செய்தி மேற்காசியா முழுதும் பரவியிருந்தது. தில்லியில் வேலை உண்டு என்ற சொல்லைக் கேட்டுப் பெட்டியைக் கட்டியவர் அந்நாளிலும் பலர்.

ஆயினும் எளிதில் உள்ளே விடவில்லை. எல்லைக்கு வந்த ஒவ்வொரு புதியவனைப் பற்றியும் அதிகாரிகள் சுல்தானுக்கு எழுதினார்கள். அவனது தோற்றம், உடை, உடன் வந்தோர், பணியாட்கள், குதிரைகள், நிற்பதும் நடப்பதும் எல்லாம் அக்கடிதத்தில் இருக்கும். முல்தான் நகரில் தடுத்து நிறுத்தி, "தங்குவதற்கு வந்தாயா, பார்த்துவிட்டுப் போக வந்தாயா?" என்று கேட்டார்கள். தங்கிப் பணிபுரியவே வந்தேன் என்று காஜியின் முன்னிலையில் பத்திரம் எழுதிக் கொடுத்தாலன்றி மேலே செல்ல வழியில்லை. ஊர் ஊராகத் திரிந்த நம் யாத்திரிகரும் கையெழுத்திட்டார். அதன் பொருள் அவருக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

வழியில் அவரை வியப்பில் ஆழ்த்தியது அஞ்சல். சிந்திலிருந்து தில்லிக்கு ஐம்பது நாள் நடை. செய்தியோ ஐந்து நாளில் போய்விடும். நான்கு மைலுக்கு ஒரு நிலையில் குதிரைகள் காத்திருந்தன. அதனினும் விரைவானது கால் அஞ்சல். மைலுக்கு மூன்று நிலைகள்; ஒவ்வொன்றிலும் ஓட்டக்காரர் கச்சை கட்டி நிற்பர். ஒரு கையில் கடிதம், மற்றொரு கையில் இரண்டு முழக் கோல். கோலின் தலையில் செப்பு மணிகள். மணியோசை கேட்டவுடனே அடுத்த நிலையினர் எழுந்து ஆயத்தமாவர். நம் திருவிதாங்கூரில் 'அஞ்சல்' என்ற பெயராலேயே வழங்கிய தபாலிலும் ஓட்டக்காரர் மணி கட்டிய கோலோடுதான் ஓடினார்கள். அது 1951-இல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அதைக் கண்ட முதியவர் சொல்லக் கேட்டவர்களுக்குப் பதூதாவின் வருணனை புதிதாகத் தோன்றாது.

உணவைக் குறித்து அவர் எழுதியிருப்பதை வைத்தே தனியாக ஒரு நூல் செய்யலாம். தில்லிப் பாதையில் நடந்த விருந்துகளில் முதலில் சர்க்கரைப் பானகம் வந்தது; பிறகு மெல்லிய ரொட்டி, இறைச்சி, நெய்ச்சோறு. கொத்திய இறைச்சியும் பாதாமும் பிஸ்தாவும் பொதிந்து நெய்யில் பொரித்த ஒரு பண்டத்துக்கு அவர் 'சம்பூசக்' என்று பெயர் சொல்லுகிறார்; இன்று தில்லித் தெருமுனைகளில் உருளைக்கிழங்கை வயிற்றில் அடக்கிக்கொண்டு விற்பனையாகும் சமோசாவின் மூதாதை அது. பச்சை மாங்காயை உப்பிட்டு ஊறவைத்து ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு துண்டு கடித்துக்கொள்ளும் பழக்கத்தை ஆவலோடு குறிக்கிறார். பாசிப்பயற்றையும் அரிசியையும் சேர்த்து வேகவைத்து நெய் ஊற்றிக் காலையில் உண்பதையும் கண்டார். அதற்குக் 'கிஷ்ரி' என்று பெயர் எழுதி, தம் நாட்டில் 'ஹரீரா' என்னும் கஞ்சி எப்படியோ அப்படி இவர்களுக்கு இது என்கிறார். நாமாயின் வெண்பொங்கலை உவமை கூறியிருப்போம். அயலூர்ச் சோற்றைச் சொந்த ஊர்ச் சோற்றால் அளந்து பார்ப்பதில் அவருக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

வெற்றிலை அவருக்கு முற்றிலும் புதிது. பழமில்லாத ஒரு கொடியை இலைக்காகவே வளர்ப்பதும், பொன்னையும் வெள்ளியையும் கொடுப்பதைக் காட்டிலும் சில வெற்றிலைகளைக் கொடுப்பதைப் பெருமதிப்பாகக் கருதுவதும் அவரைத் திகைக்கச் செய்தன. ஆயினும் விரைவிலேயே அதன் மரியாதை முறைகளைக் கற்றுக்கொண்டார். தேங்காயைப் பற்றி அவர் சொல்லுவது வேடிக்கையாக இருக்கும்: அது மனிதத் தலையை ஒத்தது, இரண்டு கண்ணும் ஒரு வாயும் உண்டு, நாரே மயிர், உள்ளிருப்பது மூளை போன்றது.

எல்லாம் வேடிக்கையாக முடியவில்லை. ஓரிடத்தில் மூன்று பெண்கள் கணவரோடு உடன்கட்டை ஏறுவதைக் கண்டார். முரசும் கொம்பும் முழங்க, கூட்டம் ஆரவாரிக்க, அப்பெண்கள் தீயை நோக்கிச் சென்றனர். குதிரையின் மீது இருந்த அவர் நினைவிழந்து விழப்போனார். உடன் வந்தவர்கள் விரைந்து தண்ணீர் கொணர்ந்து முகத்தைக் கழுவினர். பல கொடுமைகளைப் பார்த்த மனிதர் தம் தளர்ச்சியை மறைக்காமல் சொல்லியிருப்பது குறிப்பிடத்தக்கது.

தில்லிக்கு வந்தபோது சுல்தான் ஊரில் இல்லை. வந்த ஒன்றரைத் திங்களில், ஓராண்டும் நிரம்பாத அவருடைய பெண் குழந்தை இறந்துவிட்டது. புதிய ஊர், மொழி தெரியாது, உறவினர் ஒருவரும் இல்லை. அமைச்சர் தாமே பொறுப்பேற்று, பாலம் வாயிலுக்கு வெளியே தாம் கட்டிய மடத்தில் அடக்கம் செய்வித்தார். சுல்தானுக்கும் கடிதம் எழுதினார். இருவருக்கும் இடையே பத்து நாள் பயணத் தொலைவு இருந்தது. எனினும் மறுநாள் மாலையே விடை வந்துவிட்டது. மணி கட்டிய கோலின் பயனை அவர் முதன்முதலாகத் தம் சொந்த வாழ்வில் கண்டது இத்துயரத்தின்போதுதான்.

மூன்றாம் நாள் காலை, இந்நாட்டு வழக்கப்படி, குழிக்கு அருகில் கம்பளமும் பட்டும் விரித்தனர். மல்லிகையும் வெண்மலரும் மஞ்சள் மலரும் சொரிந்தனர். நாரத்தை, எலுமிச்சைக் கிளைகளைப் பழத்தோடு நட்டனர். கிளையில் பழம் இல்லையானால் நூலால் கட்டித் தொங்கவிட்டனர். திருக்குர்ஆன் ஓதியபின் பன்னீர் தெளித்து, பானகமும் வெற்றிலையும் வழங்கினர். இவற்றுள் பலவும் அவருடைய ஊரில் இல்லாத வழக்கங்கள். பிறரிடத்தில் காணும் மாறுபாட்டைக் கண்டித்துவிடும் இயல்புடைய அவர் இங்கு ஒரு சொல்லும் கண்டித்துக் கூறவில்லை. தங்கள் வீட்டுக் குழந்தைக்குச் செய்வது போலவே செய்தார்கள் என்ற அளவில் ஒவ்வொரு பூவையும் நினைவு வைத்துச் சொல்லியிருக்கிறார். குழந்தையின் பெயரைச் சொல்லவில்லை.

பிறகு சுல்தான் வந்தார்; பேட்டி கிடைத்தது. தில்லியின் காஜி பதவியை அளித்தார்; ஆண்டுக்கு 12,000 தினார் சம்பளம், அதே அளவு முன்பணம். அரசர் ஊக்கமாகச் சொல்லிய ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் கையை முத்தமிட்டு, ஏழு முறை முத்தமிட்டதாகக் கணக்கும் வைத்திருக்கிறார்! அதன்பின் மெல்ல உண்மையைச் சொன்னார். தாம் மாலிக்கி நெறியில் பயின்றவர். இவ்வூர் மக்களோ ஹனபி நெறியினர். மொழியும் தமக்குத் தெரியாது. சட்டமும் அறியாமல் மொழியும் அறியாமல் நீதிபதியாவது எங்ஙனம்? சுல்தான் கலங்கவில்லை. இரண்டு துணைவரை நியமித்திருப்பதாகவும், அவர்கள் கலந்து பேசிச் செய்வார்கள், இவர் பத்திரங்களில் கையெழுத்திட்டால் போதும் என்றும் அருளினார். தில்லியில் அவர் தீர்த்த வழக்கு ஒன்றையேனும் விரிவாகச் சொல்லாததன் காரணம் இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

பெயரும் மாறிற்று. தாஞ்சியரில் முகம்மது என்று பெயரிடப்பட்டவரை இந்தியாவில் எல்லோரும் 'பத்ருத்தீன்' என்றே அழைத்தனர். தந்தை பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு, "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்கும் வடநாட்டு எழுத்தருக்கு விடை கூறித் தளர்ந்த நேயர்களுக்கு இச்செய்தி ஓர் ஆறுதல்.

பெரிய சம்பளம் வாங்கியவர் பெரிய கடனிலும் மூழ்கினார். இதற்கும் அந்த அரசவையின் வழக்கமே காரணம். புதிதாக வருபவன் சுல்தானுக்குக் காணிக்கை தரவேண்டும். சுல்தான் அதனைப் பன்மடங்காகத் திருப்பித் தருவார். இதை அறிந்த வணிகர்கள், வருகிறவர்களுக்குக் குதிரையும் அடிமையும் பணமும் முன்கடனாகக் கொடுத்து அனுப்பிவிட்டுப் பின்னால் வந்து பங்கு கேட்பார்கள். அத்துடன், பிரமுகர்களிடையே பிரமுகராக வாழவேண்டிய செலவும் சேர்ந்தது. கடன் 55,000 தினாருக்கு ஏறிற்று. சுல்தானைப் புகழ்ந்து அரபு மொழியில் பாட்டு இயற்றிக் கொடுத்துப் பார்த்தார். இறுதியில் உள்ளூர் வழக்கம் ஒன்றையே கருவியாக்கினார். தில்லியில் கடன் கொடுத்தவன் அரண்மனை வாயிலில் நின்று, 'தரோஹை' என்று கூவி, சுல்தானின் மேல் ஆணையிட்டுக் கடன்காரனை உள்ளே போகவிடாமல் தடுக்கலாம். நம் காஜி தம் கடன்காரர்களிடம் தாமே ஏற்பாடு செய்து தம்மைத் தடுக்கச் சொன்னார்! செய்தி உள்ளே எட்டியது. சுல்தான் கடனைத் தீர்க்க ஆணையிட்டார். அந்தக் கூக்குரல், நாம் துரோகம் என்று வழங்கும் சொல்லோடு தொடர்புடையது என்று கருதும் அறிஞரும் உண்டு. நாட்டுச் சட்டத்தைத் துணைவர் கையில் விட்டவர் நாட்டு வழக்கத்தை எவ்வளவு விரைவாகக் கற்றுக்கொண்டார், பாருங்கள்.

ஆனால் கற்கக் கடினமானது சுல்தானின் மனம். கொடுப்பதிலும் கொல்லுவதிலும் அவருக்கு இணையானவர் இல்லை என்பது பதூதாவின் முடிவு. அவர் வாயிலில் ஏழை ஒருவன் செல்வனாவதும், உயிருள்ள ஒருவன் பிணமாவதும் நாள்தோறும் நடந்தன. இடையில் பஞ்சமும் வந்தது. பல திங்களுக்கு முன் செத்த குதிரையின் தோலைப் பெண்கள் மூவர் அறுத்துத் தின்பதை அவர் கண்ணால் கண்டார்.

பின்பு அவர் முறை வந்தது. ஷிகாபுத்தீன் என்னும் பெரியார் ஒருவர், சுல்தானுக்குப் பணிபுரிய மறுத்து, நகருக்கு வெளியே நிலத்தடியில் குகை தோண்டி வாழ்ந்துவந்தார். அக்குகையைப் பார்க்க ஒரு நாள் சென்றதுதான் காஜி செய்த குற்றம். பெரியாரைச் சுல்தான் கொல்வித்தார். அவரிடம் போய்வந்தவர்களின் பெயர்களைக் கேட்டபோது இவர் பெயரும் வந்தது. நான்கு அடிமைகள் இவரைக் காவல் காக்க ஏவப்பட்டனர். அப்படிக் காவலிடப்பட்டவர் தப்புவது அரிது என்பது ஊரறிந்த செய்தி. ஐந்து நாள் தண்ணீர் மட்டும் பருகி நோன்பிருந்தார். இறைவனைக் குறிக்கும் ஒரு தொடரை முதல் நாளிலேயே 33,000 முறை ஓதினாராம். எப்படியோ விடுதலை கிடைத்தது. உடனே பதவியைத் துறந்தார், உடைமைகளைக் கொடுத்துவிட்டார், ஒரு துறவியின் குகையில் ஐந்து திங்கள் கிடந்தார். முல்தானில் இட்ட கையெழுத்து இப்போதுதான் முழுப்பொருளும் காட்டியது. தங்குவதற்கென்று எழுதிக் கொடுத்தவன் தானாகப் போய்விட முடியாது.

வழிவிட்டவரும் சுல்தானே. பயணத்தில் உமக்குள்ள ஆசையை அறிவேன் என்று கூறி, சீன நாட்டுக்குத் தூதராக 1342-இல் அனுப்பினார். தூது கள்ளிக்கோட்டையில் முடிந்தது. பரிசுப் பொருள்களோடு நின்ற கப்பல்கள் புயலில் சிக்கின. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் இருந்ததால் இவர் பிழைத்தார். வெறுங்கையோடு தில்லிக்குத் திரும்ப அஞ்சி, தென்திசைக் கரைகளில் அலையத் தொடங்கினார். இவ்வாறு நம் பக்கம் வந்தார்.

மலையாளக் கரையின் பாதைகளைப் போலப் பாதுகாப்பான பாதையை எங்கும் கண்டதில்லை என்கிறார். இரண்டு திங்கள் நடை முழுவதும் மர நிழல். அரை மைலுக்கு ஒரு மரச்சாவடி, திண்ணை, கிணறு, தண்ணீர் தர ஓர் ஆள். இந்துவுக்குப் பாத்திரத்தில் தண்ணீர். முஸ்லிமுக்குக் கையில் ஊற்றுவார்கள். சோறு வாழையிலையில் வரும், வீட்டுக்குள் விடமாட்டார்கள். தில்லியில் 'மதிப்புக்குரியவர்' ஆக இருந்தவர் இங்குத் திண்ணையில் அமர்ந்து உண்டார். ஊர் வழக்கம் என்ற முறையில் அதனையும் குறித்துவிட்டு நடக்கிறார். அரசுரிமை மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போவதும் அவருக்குப் பெரும் புதிராக இருந்தது.

வடக்கே ஹொன்னாவர் நகரில் கண்ட காட்சிகள் வேறு. அங்கே ஆண்பிள்ளைகளுக்கு 23 பள்ளிகளும் பெண்பிள்ளைகளுக்கு 13 பள்ளிகளும் இருந்தன. பெண்கள் திருக்குர்ஆனை மனப்பாடமாக ஓதினர். அவர்கள் தைத்த ஆடை உடுப்பதில்லை. ஒரே துணியின் ஒரு தலைப்பை இடையில் சுற்றி, மற்றதைத் தலையிலும் மார்பிலும் போர்த்துக்கொண்டனர். அவ்வூர்ச் சுல்தானின் வீட்டில் நடந்த விருந்தை அவர் சொல்லும் வகையைக் கேளுங்கள். செப்புத் தட்டு வருகிறது. அதன் பெயர் 'தாலம்' என்று நம் சொல்லையே எழுதுகிறார். பட்டுடுத்த பெண் ஒருத்தி பெரிய அகப்பையால் சோறு வைத்து, மேலே நெய் ஊற்றுகிறாள். ஒரு பக்கம் மிளகுக் கொத்து, பச்சை இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்கள். அடுத்த அகப்பைச் சோற்றுக்குக் கோழி. பிறகு மீன் வகைகள். பிறகு நெய்யில் சமைத்த காய்கள். கடைசியில் தயிர் வருகிறது. தயிர் வந்துவிட்டதானால் இதற்குமேல் ஒன்றும் வராது என்று தெரிந்துகொள்ளலாம் என்கிறார்! மழைக்காலத்தில் தண்ணீர் ஆகாது என்று வெந்நீர் தருகிறார்கள். தயிர்தான் முற்றுப்புள்ளி என்னும் இலக்கணத்தை அட்லாண்டிக் கடற்கரையில் பிறந்தவர் இவ்வளவு தெளிவாகக் கண்டுபிடித்ததற்காகவே, சோற்றைப் பற்றிய அவருடைய முறையீட்டை நாம் மன்னித்துவிடலாம்.

மாலத்தீவில் அவரை நாம் அவ்வளவு எளிதில் மன்னிக்க இயலாது. 1343-இன் இறுதியில் அங்குப் போனார். ஆண்டவர் கதீஜா என்னும் அரசி. அதுவே அவருக்குப் புதுமை. அங்கும் காஜி பதவி கிடைத்தது. தில்லியில் துணைவர் கையில் இருந்த அதிகாரம் இங்கு முழுவதும் இவர் கையில். தொழுகைக்கு வராதவரைச் சாட்டையால் அடிப்பித்தார். திருடன் ஒருவனின் கையை வெட்டச் சொன்னபோது அவையில் இருந்த சிலர் மயங்கி விழுந்தனர். தீவுப் பெண்கள் இடைக்குமேல் ஆடையணியும் வழக்கம் இல்லாதவர்கள். எவ்வளவோ முயன்றும் அதனை அவரால் மாற்ற முடியவில்லை. தம் நீதிமன்றத்துக்குள் வரும்போது மட்டும் போர்த்துக்கொள்ளச் செய்தார். தம் வீட்டு அடிமைப் பெண்களுக்குத் தில்லி உடையை உடுத்திப் பார்த்தார். பழக்கமில்லாத உடம்புக்கு அது அழகாக அமையவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஏன் தில்லி உடை? தாஞ்சியர் உடை ஏன் நினைவுக்கு வரவில்லை? எட்டாண்டுக்கு மேல் வாழ்ந்த அயலூர், மற்றோர் அயலூரில் இருக்கும்போது அவருக்குச் சொந்த ஊர் ஆகிவிட்டது.

தீவுப் பெண்கள் கணவன் எதிரில் உண்ணமாட்டார்கள். அங்கே மணந்துகொண்ட மனைவியருள் சிலர் வற்புறுத்தலுக்கு இணங்கி உடன் உண்டனர், மற்றவர் இணங்கவில்லை. அவர்கள் உண்பதைப் பார்க்கவாவது வேண்டுமென்று தந்திரங்கள் செய்தும் பயனில்லை. காஜியின் ஆணைகள் எல்லாம் அடுக்களை வாசலில் நின்றுவிட்டன.

அமைச்சரோடு பகை மூண்டதால் 1344-இல் தீவை விட்டு நீங்கினார். இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவாத மலை ஏறி, தமிழகக் கரையில் கப்பல் உடைந்து கரையேறினார். மதுரையில் அப்போது சுல்தான்கள் ஆண்டுகொண்டிருந்தனர். தில்லியில் பதூதா மணந்த பெண் அவ்வரசை நிறுவியவரின் மகள்; ஆளும் சுல்தான் கியாசுத்தீன் மணந்தது அவள் உடன்பிறந்தவளை. ஆகவே சகலரைப் பார்க்க வந்தார் எனலாம். காலுறை அணியாமல் அரசர் முன் செல்லலாகாது. இவரிடமோ உடைந்த கப்பலிலிருந்து மீண்ட துணிதான் இருந்தது. பாசறையில் முஸ்லிம்கள் பலர் இருந்தும், காலுறை தந்தவர் ஓர் இந்து. அந்தக் கொடையைக் கண்டு வியந்தேன் என்று எழுதுவிக்கிறார்.

அப்பாசறையிலேயே மற்றொன்றும் கண்டார். சுல்தானோடு உணவருந்திக்கொண்டிருக்கையில், சிறைப்பட்ட இந்து ஒருவனையும் அவன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொணர்ந்து அவ்விடத்திலேயே கொல்வித்தார் சுல்தான். இவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். மற்றொரு முறை, சிறைப்பட்ட ஓர் இந்துவைத் தண்டிக்க முற்பட்டபோது இவர் எழுந்தார். எங்கே போகிறீர் என்று கேட்டதற்குத் தொழுகைக்கு என்றார். கருத்தை அறிந்துகொண்ட சுல்தான் சிரித்தார். பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற அச்செயலை எந்த அரசனிடத்தும் தாம் கண்டதில்லை என்று வெறுத்துக் கூறுகிறார்.

மதுரையில் கொள்ளை நோய். பிடித்தவர் இரண்டு மூன்று நாளில் மாண்டனர். சுல்தான் மகனை இழந்து, தாயை இழந்து, தாமும் மறைந்தார். பதூதாவையும் காய்ச்சல் பற்றியது. பிழைக்கமாட்டேன் என்றே நினைத்தார். அப்போது அவ்வூரில் மலிந்து கிடந்த புளி அவர் நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு கழிந்து, காய்ச்சல் நின்றது. புளிக்கு அரபியில் 'தமர் ஹிந்தி' என்று பெயர்; இந்தியப் பேரீச்சை என்பது பொருள். பெயரளவில் முன்பே அறிந்திருந்த பொருள், மதுரையில் அவர் உயிரைக் காத்தது.

1349-இல் அவர் மொராக்கோவுக்குத் திரும்பினார். தந்தை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார் என்ற செய்தி வழியில் தமாஸ்கஸ் நகரில்தான் தெரியவந்தது. தாயோ, மகன் வருவதற்குச் சில திங்கள் முன் கொள்ளை நோயில் மறைந்திருந்தாள். தில்லியில் இரண்டு நாளில் விடை கொணர்ந்த அஞ்சல் இங்கு இல்லை.

பின்னும் ஒரு பயணம் செய்தார். 1352-இல் சகாராப் பாலைவனத்தைக் கடந்து வலாத்தா என்னும் ஊரை அடைந்தார். அங்கும் சொத்து சகோதரியின் மகனுக்கே போவதைக் கண்டார். இத்தகைய வழக்கத்தை மலையாள நாட்டிலன்றி உலகில் வேறெங்கும் கண்டதில்லை என்று அங்கே அவருக்கு நினைவு வந்தது.

1355-ஆம் ஆண்டு பெஸ் நகரில் நூல் முடிந்தது. அரசவையில் தில்லிக் கதைகளை அவர் சொல்லச் சொல்ல, இவர் புளுகுகிறார் என்று கேட்டோர் தமக்குள் முணுமுணுத்தனர். இதனைப் பதிந்து வைத்தவர், அந்நாளில் அந்நகரில் வாழ்ந்த பேரறிஞர் இபின் கல்தூன். யானையின் மேலிருந்து பொற்காசு வீசி எறிந்த அரசனைப் பற்றிய கதையைத் தாமும் நம்பாமல், அமைச்சர் ஒருவரிடம் சென்று கேட்டாராம். அதற்கு அமைச்சர் ஒரு கதை சொன்னார். முன்னொரு காலத்தில் மந்திரி ஒருவர் பல்லாண்டு சிறையில் கிடந்தார். அவர் மகன் அச்சிறைக்குள்ளேயே வளர்ந்தான். அறிவு வந்தபோது, தாங்கள் உண்ணும் இறைச்சி எதனுடையது என்று கேட்டான். ஆடு என்றார் தந்தை. ஆடு எப்படி இருக்கும் என்றான். கொம்பு, வால், கால் எல்லாவற்றையும் விரித்துச் சொன்னார். சிறையில் எலியைத் தவிர வேறு விலங்கைப் பார்த்தறியாத அச்சிறுவன் சற்று நேரம் சிந்தித்துவிட்டு, "அப்படியானால், அப்பா, எலியைப் போலவா?" என்று கேட்டான்.